ஜார் பூட்டினால்தான் மிக்ஸி ஓடும்

கோவை கணபதிப் பக்கம், சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு டீக்கடையில் போய் உட்காருவோம். லேத் பட்டறை, பவுண்டரி, பிரஸ் ஷாப் என்று வரிசையாக இருக்கும் தெரு. டீ வரும்வரை நமக்கு வேலை எதுவும் இல்லை. சுற்றி நிற்பவர்களின் கைகளைப் பார்க்கலாம். கிளாஸைப் பிடித்திருக்கும் விரல்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணத் தொடங்கினால் சில கைகளில் கணக்கு ஐந்துக்கு வராது. ஆள்காட்டி விரலின் நுனி இல்லாத கை ஒன்று. நடுவிரல் பாதியில் நின்றுபோன கை ஒன்று.

“என்னாச்சுங்கண்ணா?” என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்வார்கள். எந்த வருஷம், எந்த மிஷின், அன்றைக்கு என்ன ஜாப் ஓடியது, ஆஸ்பத்திரிக்கு யாருடைய வண்டியில் போனது, எல்லாம் வரும். கதை எப்படித் தொடங்கினாலும் முடிகிற இடம் ஒன்றுதான்: “நாந்தானுங்க, கொஞ்சம் அசந்துட்டேன்.” டூல் ரூமில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். முதலாளி சொல்வார், சூப்பர்வைசர் சொல்வார், விரலை இழந்தவரே சொல்வார். மூன்று பேரும் ஒத்துப்போகிற விஷயம் பட்டறையில் இது ஒன்றுதான் என்று தோன்றும். இன்று அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்து பார்ப்போம்.

முதலில் மிஷினைத் தெரிந்துகொள்வோம். சப்பாத்தி மாவைப் பெரிதாகத் தேய்த்து, டம்ளர் வாயை வைத்து அழுத்தி, வட்ட வட்டமாக வெட்டிப் பூரி போடுவோம் அல்லவா? பவர் பிரஸ் செய்வதும் அதுதான். மாவுக்குப் பதில் இரும்புத் தகடு. டம்ளருக்குப் பதில் மேலிருந்து இறங்குகிற எஃகு அச்சு, அதை மேல் டை என்பார்கள். தகட்டை வைக்கிற கீழ் அச்சு, கீழ் டை. கையின் அழுத்தத்துக்குப் பதில் பல டன் விசை. பைக்கில் இருக்கும் வாஷர், கதவுக் கீல், சுவிட்ச் போர்டுக்குள் இருக்கும் பித்தளைத் துண்டு என்று நம்மைச் சுற்றி இருக்கும் எத்தனையோ சின்னச் சாமான்கள் இப்படி வெட்டப்பட்டவைதான்.

மிஷினின் பக்கவாட்டில் ஒரு கனத்த சக்கரம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அது ஃபிளைவீல். விசையைச் சேர்த்துவைக்கும் உண்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆபரேட்டர் காலால் பெடலை மிதித்ததும், கிளட்ச் என்ற கொக்கி அந்தச் சக்கரத்தை மேல் டையை இயக்கும் தண்டோடு மாட்டிவிடும். மேல் டை ஒருமுறை இறங்கி ஏறும். பிறகு கையை உள்ளே விட்டு வெட்டிய சாமானை எடுத்துவிட்டு, அடுத்த தகட்டை வைக்க வேண்டும். மறுபடி மிதி. நம் சின்னப் பட்டறைகளில் இன்னும் ஓடும் பழைய பிரஸ்களில் ஒரு வில்லங்கம் உண்டு: கொக்கி ஒருமுறை மாட்டிவிட்டால் முழுச் சுற்று முடியாமல் நிற்காது. மாடிப்படியில் உருட்டிவிட்ட தேங்காய் மாதிரி, கீழே வந்துதான் ஓயும். நடுவில் “ஐயோ” என்றால் அதற்குக் காது கிடையாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிமிஷத்துக்குப் பத்து அடி என்று நிதானமான வேகத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 4,800 முறை கை உள்ளே போய் வருகிறது. வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம் முறை. இந்த ஆபரேட்டர் அசாத்தியமான கவனசாலி, லட்சத்தில் ஒரே ஒருமுறைதான் கையும் காலும் தாளம் தப்பும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் வருஷத்தில் 14 முறை தப்பும். ஒவ்வொரு தப்பிலும் விரல் போய்விடாது. பெரும்பாலும் ஒரு மயிரிழையில் கை வெளியே வந்திருக்கும், “அப்பாடா” என்று பெருமூச்சு விட்டு அடுத்த தகட்டை வைப்பார். ஆனால் வருஷத்துக்குப் பதினான்கு சீட்டு எடுக்கிறார். பத்து வருஷம் வேலை பார்த்தால் எத்தனை சீட்டு என்று நாமே பெருக்கிக்கொள்ளலாம்.

லட்சத்தில் ஒருமுறைதான் தவறுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. சாம்பாரில் உப்பு போட்டோமா என்று நின்று யோசிக்கிறோம். வீட்டைப் பூட்டினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போகிறோம். இதற்காக நம்மை யாரும் பொறுப்பற்றவர் என்று சொல்வதில்லை. பழகிய வேலையைக் கையிடம் ஒப்படைத்துவிட்டு மனம் வேறு எங்கோ போய்விடுவதுதான் பழக்கம் என்பதன் பொருளே. அப்படி ஒப்படைக்கத் தெரிந்தவரைத்தான் “கை ஓடுகிற ஆள்” என்று மெச்சி வேலைக்கு எடுக்கிறோம். நிமிஷத்துக்குப் பத்து அடி வேண்டும் என்றும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு அடியையும் முதல் அடிபோல நினைத்துச் செய் என்றும் சொன்னால், நடக்க முடியாத ஒன்றைச் சொல்கிறோம். அதுவும் இரண்டாவது ஷிப்டும் சேர்த்து ஓ.டி. பார்க்கிற ஆளிடம்.

அப்படியானால் என்னதான் செய்வது? பதில் நம் சமையலறையில் இருக்கிறது. இப்போது வரும் பல மிக்ஸிகளில் ஜாரைச் சரியாக உட்கார வைத்துத் திருகிப் பூட்டாவிட்டால் மோட்டார் ஓடாது. சில பிரஷர் குக்கர்களில் மூடி உள்பக்கமாகப் போய் உட்காரும். ஆவி அடங்கும்வரை நாம் எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, உள்ளிருக்கும் அழுத்தமே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைச் செய்தவர் நம்மைப் பற்றி மரியாதைக் குறைவாக எதுவும் நினைக்கவில்லை. காலை ஏழே முக்காலுக்குக் குழந்தையின் ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும், போன் ஒலிக்கும், பால் பொங்கும், அந்த நேரத்தில் யாருக்கும் மனம் நான்காகப் பிரியும் என்று தெரிந்து வைத்திருந்தார். நாம் அசருவோம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே பொருளைச் செய்தார். ஒன்று நடந்தால்தான் மற்றது நடக்கும் என்று இப்படிக் கோத்துவிடுவதற்கு இன்டர்லாக் என்று பெயர்.

அதே மனசோடு பிரஸ் பக்கம் திரும்புவோம். முதல் கேள்வி: கை ஏன் உள்ளே போக வேண்டும்? தகட்டைச் சுருளாக மாட்டி, மிஷினே இழுத்துக்கொள்ளும்படி ஃபீடர் வைத்துவிட்டால் கைக்கு அங்கே வேலையே இல்லை. ஜாப் அதற்கு இடம் தராவிட்டால், காந்தம் வைத்த கோலாலோ இடுக்கியாலோ தகட்டை வைக்கலாம்; கை வெளியே நிற்கும். அடுத்தது கார்டு. டையைச் சுற்றிக் கம்பி அடைப்பு வைத்து, தகடு நுழையும், விரல் நுழையாது என்ற அளவுக்கு ஒரு சந்து விடுவது. தபால் பெட்டியின் வாய் மாதிரி. கடிதம் போகும், கை போகாது. இதில் மின்சாரமும் கிடையாது, கணினியும் கிடையாது. உள்ளூர் வெல்டரே செய்துவிடுவார்.

பிறகு இரண்டு கை பொத்தான். பெடலை எடுத்துவிட்டு, இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும் என்று வைப்பது. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் டையில் இருக்க முடியாது அல்லவா? நல்ல யோசனைதான், ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மனிதக் கை விநாடிக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் வேகத்தில் பாயும் என்பது பாதுகாப்பு விதிகளில் எடுத்துக்கொள்ளும் அளவு. பொத்தானை அழுத்தியதிலிருந்து டை மூட 0.3 விநாடி ஆகிறது என்றால், அதற்குள் கை 48 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். கோணலாக உட்கார்ந்த தகட்டைப் பார்த்ததும் அதைச் சரிசெய்யக் கை தானாகப் பாயும். அது நம் இயல்பு. ஆகவே பொத்தான் டையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளித்தான் இருக்க வேண்டும். பழைய கொக்கிக் கிளட்ச்சில், சக்கரம் சுற்றிவந்து மாட்டுகிறவரை காத்திருக்கும் நேரமும் சேரும். இன்னும் தள்ளி வைக்க வேண்டும். அளக்காமல் வசதியாகக் கைக்குப் பக்கத்திலேயே பொத்தானைப் பொருத்தியிருப்பதை நிறையப் பார்க்கலாம். இன்னொன்று, இந்தப் பொத்தான் காப்பது ஆபரேட்டரின் கையை மட்டும். பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் கைக்கு அதில் இடமில்லை.

ஒளித்திரை என்று ஒன்றும் வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களை டைக்கு முன்னால் சல்லாத்துணி மாதிரி விரித்து வைப்பார்கள். கை குறுக்கே வந்தால் மிஷின் நின்றுவிடும். நடுவழியில் நிற்கக்கூடிய புதுவகைக் காற்றுக் கிளட்ச் பிரஸ்ஸில் இது அருமையான ஏற்பாடு. நான் சொன்ன உருட்டிவிட்ட தேங்காய் வகை பிரஸ்ஸில் இதை மாட்டினால் பிரயோஜனமில்லை. கை வந்ததைத் திரை பார்த்துவிடும், சொல்லியும் விடும், மிஷினால் நிற்க முடியாது. அப்படிப்பட்ட பிரஸ்ஸிலும் இதை மாட்டிவிட்டு, ஆடிட்டுக்கு வருபவரிடம் சிவப்பு விளக்கைக் காட்டி நிம்மதியாக இருந்த ஒரு இடத்தை எனக்குத் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகுதான் பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, முறைவேலை எல்லாம் வருகின்றன. கடைசியில் கையுறை, ஹெல்மெட், காதடைப்பான். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பாதுகாப்பு என்றதும் முதலில் வாங்குவது கையுறைதான், விலை குறைவு, போட்டோவில் தெரியும். ஆனால் பல டன் விசைக்கு முன்னால் துணிக் கையுறை என்ன செய்யும்? டிரில்லிங் மிஷின் மாதிரி சுற்றுகிற மிஷினில் அது எதிரியாகவே ஆகிவிடும். வெறுங்கை பட்டால் தோல் கிழிவதோடு போகலாம். கையுறையின் நூல் சிக்கினால் டிரில் அதைச் சுருட்டிக் கையையே உள்ளே இழுக்கும்.

காதைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. இந்த டீக்கடையில் எல்லோரும் சண்டை போடுவது மாதிரி பேசிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். யாருக்கும் கோபம் இல்லை. பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் நின்ற காது அது. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் மூன்று கூடினாலே காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகும். 85க்கும் 88க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும், காதுக்கு அது ஒரு ஷிப்டுக்குப் பதில் இரண்டு ஷிப்ட். விரல் விஷயத்திலாவது அசந்துவிட்டேன் என்று சொல்லலாம். காது கெட்டதற்கு எந்த நாளில் அசந்ததாகச் சொல்வது? உடம்புக்குள் மெல்லப் போகும் சத்தம், பஞ்சுத் தூசி, ரசாயனப் புகை எதற்கும் கவனம் என்ற மருந்து வேலை செய்யாது.

இந்த இடத்தில் தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டே வேலை செய்தவர்களின் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வெளியே தெரிந்த கொடுமைகளில் அதுவும் ஒன்று. கை கழுவு, பல்லைச் சோதித்துக்கொள், காற்றோட்டம் வை என்று பல வருஷம் சொல்லிப் பார்த்தார்கள். தீர்ந்தது எப்படி என்றால், அந்தப் பொருளையே விலக்கியதால். 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்து சட்டம் வந்தது. கல்கத்தாவில் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல். அந்த ஊருக்குத் தீயின் ஆபத்து வந்தது, இன்றுவரை இருக்கிறது. தாடை அழுகும் நோய் மட்டும் வரவில்லை. சிவகாசிக்காரர்கள் லண்டன்காரர்களைவிடக் கவனசாலிகள் என்பதால் அல்ல.

இவ்வளவு தெளிவாக இருந்தும் “அசந்துட்டேன்” எப்படி இப்படி வேர்விட்டது? அதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. அமெரிக்காவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிக், 1931இல் தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஏறக்குறைய 75,000 விபத்து அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, 100க்கு 88 விபத்துகள் தொழிலாளியின் தவறான செய்கையால், 10 மோசமான மிஷின் அல்லது சூழ்நிலையால், 2 தவிர்க்க முடியாதவை என்று பிரித்தார். அந்த 88 என்ற எண் உலகம் முழுக்கப் பாதுகாப்பு வகுப்புகளில் வேதவாக்காகிவிட்டது. கோவையில் நான் உட்கார்ந்த முதல் பயிற்சி வகுப்பில்கூட ஸ்லைடில் அதுதான் இருந்தது.

நாம் கொஞ்சம் நின்று கேட்போம்: அந்த அறிக்கைகளை எழுதியது யார்? பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். ‘விபத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் அவர் “எங்கள் மிஷினில் கார்டு இல்லை” என்று எழுதுவாரா, “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதுவாரா? 88 என்ற எண் விபத்தைவிட அறிக்கை எழுதுகிறவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. ஹைன்ரிக்குக்கு நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மிஷினுக்குக் கார்டு போடச் சொல்லி அவரும் வலியுறுத்தினார். அந்தப் பக்கங்கள் ஸ்லைடுக்கு வரவில்லை.

பட்டறைக்கு வெளியே ஒரு உதாரணம் பார்க்கலாம். 2025 ஜூலை 8 காலையில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அன்று எல்லா டீக்கடையிலும் எழுந்த முதல் கேள்வி கேட் கீப்பரைப் பற்றியது. அவருடைய தவறு எவ்வளவு என்பதை விசாரணை பார்க்கட்டும். நாம் பார்க்க வேண்டியது, அந்த கேட் அன்று இன்டர்லாக் செய்யப்படாமல் இருந்தது என்பதை. அப்படிப்பட்ட கேட்டில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கேட் கீப்பர் மூடிவிட்டேன் என்று சொல்லி அதற்கு அடையாளமாக ஒரு எண்ணைக் கொடுப்பார், அதை நம்பி சிக்னல் விழும். எல்லாமே வாய்ச்சொல்லில் நிற்கிறது. இன்டர்லாக் இருக்கும் கேட்டில், தடுப்பு இறங்கிப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். கேட் கீப்பர் அசந்தால் ரயில் தாமதமாகும்; அவ்வளவுதான் நடக்கும். நம் மிக்ஸி ஜார்தான், பெரிய அளவில்.

சட்டத்துக்கு இந்த விஷயம் எப்போதோ தெரிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 21ஆம் பிரிவு, ஆபத்தான நகரும் பாகங்களுக்கு உறுதியான அடைப்பு போட வேண்டும், மிஷின் ஓடும்போதெல்லாம் அது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சொன்னது. தொழிலாளி கவனமானவராக இருந்தால் விலக்கு உண்டு என்று அதில் எழுதவில்லை. (அந்தச் சட்டத்தின் இடத்துக்கென்று 2020இல் நாடாளுமன்றம் ஒரு தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது.) இங்கிலாந்தில் இதே மாதிரிப் பிரிவின் கீழ் ஒரு வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போய் 1955இல் முடிந்தது. சாணைக்கல்லில் கட்டைவிரல் பட்டுக் காயமான தொழிலாளியின் வழக்கு. முழுக்க மூடிவிட்டால் சாணைக்கல்லைப் பயன்படுத்தவே முடியாதே என்றது கம்பெனி. அது எங்களுக்குச் சமாதானமில்லை, அடைப்பு போடும் கடமை அப்படியேதான் இருக்கும் என்றார்கள் நீதிபதிகள்.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்வது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் தலைக்கு 7. மாதம் 20,000 ரூபாய் வாங்குகிறவர் ஆள்காட்டி விரலை இழந்தால், சம்பளத்தில் 90 சதவீதத்தை எடுத்து அதில் 14 சதவீதம், ஏறக்குறைய 2,520 ரூபாய், மாதாமாதம் ஆயுளுக்கும் வரும். வருவது நல்லதுதான், ஈஎஸ்ஐ கார்டு இல்லாதவருக்கு அதுவும் இழுபறி. இந்த அட்டவணையில் கணுவரை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். அதே நுணுக்கத்தோடு எத்தனை பட்டறையில் கார்டின் இடைவெளியை அளந்திருப்பார்கள்?

நீங்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்: கார்டு வைத்தால் தொழிலாளியே கழற்றிவிடுகிறாரே? உண்மைதான். இரண்டு கை பொத்தானில் ஒன்றைக் குச்சி செருகி நிரந்தரமாக அழுத்திவைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். திருப்பூரில் பவர் மிஷின் தைக்கும் பெண்கள் ஊசிக்கு முன்னால் இருக்கும் விரல் கார்டை மேலே தள்ளிவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு விரல்மேல் ஆசை இல்லாமலா? பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு முறை நூல் கோக்கும்போதும் குறுக்கே நிற்கும் கம்பி, சம்பளத்தில் கை வைக்கும் கம்பி. கார்டோடு வேலை செய்தால் ஒரு கணக்கு, கார்டில்லாமல் செய்தால் அதைவிட நூறு அடி கூடுதல் என்றால், கார்டைக் கழற்றச் சொல்லி யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. டார்கெட்டே உத்தரவு போடுகிறது.

ஆயுத பூஜை அன்று எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போனால் இதை வெளிச்சமாகப் பார்க்கலாம். மிஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்திருப்பார்கள். ஒரு இடத்தில், மூலையில் சுவரோடு சாய்ந்து கிடந்த கம்பி அடைப்புக்கும் தனியாக ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பிரஸ்ஸோடு வாங்கிய கார்டு அது. மாட்டிய மூன்றாம் நாள் கழற்றியதாம். எத்தனை வருஷப் பொட்டு அதன்மேல் இருந்தது என்று எண்ணவில்லை.

பூஜை முடிந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த மிஷினின் ஆபரேட்டரிடம் சும்மா கேட்டேன், அதை ஏன் கழற்றினீர்கள் என்று. திட்டப்போகிறேன் என்று நினைத்தார் போல. பிறகு மெதுவாகச் சொன்னார். முன்பக்கம் முழுத் தகடாக இருந்ததால் ஜாப் உட்கார்ந்ததா என்று தெரியவில்லை. குனிந்து குனிந்து கழுத்து வலித்தது. துண்டு சிக்கிக்கொண்டால் எடுக்க நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும், கழற்றி மாட்டுவதற்குள் சூப்பர்வைசர் வந்து நிற்பார். ஒருநாள் கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

முதலாளியும் பக்கத்தில்தான் இருந்தார். அடுத்த வாரம் அந்த முன்பக்கத் தகட்டை அறுத்தெடுத்துவிட்டுக் கம்பி வலை வைத்தார்கள். போல்ட்டுக்குப் பதில் ஒரு பக்கம் கீல், மறுபக்கம் ஒரு சின்ன லிமிட் சுவிட்ச். கதவைத் திறந்தால் பெடலுக்கு இணைப்பு அறுந்துவிடும், மூடினால் வரும். கீலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அந்த ஆபரேட்டரைக் கேட்டுத்தான் வெல்டர் வைத்தார். இடதுபக்கம். அவருக்கு இடதுகைப் பழக்கம் என்பது அன்றைக்குத்தான் முதலாளிக்குத் தெரியும்.